மூன்று வருடமாகத் தினமும் கேஸ் மாத்திரை: நிறுத்திவிட்டுச் சீரகத் தண்ணீருக்கு மாறலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. வயது 39, துணிக்கடை வைத்திருக்கிறீர்கள். கடையடைத்து வீட்டுக்கு வந்து இரவு பத்தரைக்குச் சாப்பாடு, பதினொன்றுக்குப் படுக்கை. நெஞ்செரிச்சல், வயிற்று உப்புசம் என்று மூன்று வருடத்துக்கு முன் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய பான்டோபிரசோல் 40 மாத்திரை, டாம்பெரிடோன் சேர்ந்தது, இன்றுவரை தினமும் காலையில் ஓடுகிறது. இரண்டு வருடத்துக்கு முன் எடுத்த எண்டோஸ்கோப்பியில் ‘ஆன்ட்ரல் கேஸ்ட்ரைட்டிஸ்’ என்று எழுதியிருந்தார்கள். கிட்னி போய்விடும் என்று மைத்துனர் பயமுறுத்தியதால் மாத்திரையை விட்டுவிட்டுச் சீரகத் தண்ணீரும் கற்றாழைச் சாறும் குடித்தீர்கள். நாலாம் நாள் நெஞ்சு பற்றி எரிந்தது. மறுபடி மாத்திரைக்கே வந்துவிட்டீர்கள். காலையில் சரியாகப் போகாத தொல்லையும் உண்டு என்று கடைசி வரியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். ‘இயற்கை வழிக்கு மாறலாமா’ என்று கேட்டிருந்தாலும், அந்த நாலாம் நாளைப் பற்றி நீங்கள் எழுதிய விதத்தைப் பார்த்தால், ‘இந்த மாத்திரைக்கு நான் அடிமையாகிவிட்டேனா’ என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று தோன்றுகிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இருபது வருடத்துக்கு மேலாக இரைப்பை, குடல் நோய்களைப் பார்த்து வருகிறேன். படித்தது அலோபதி. சித்த மருத்துவத்தை முறையாகப் படித்தவனில்லை, அதனால் அந்த முறைக்குள் நின்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. அஞ்சறைப் பெட்டி வைத்தியத்தைக் கேலி செய்கிற ஆளுமில்லை. என் வீட்டு அலமாரியிலும் ஓமவாட்டர் பாட்டில் இருக்கிறது. உங்கள் வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சாராயத்துக்கோ தூக்க மாத்திரைக்கோ அடிமையாவது போன்றதல்ல இது. பான்டோபிரசோல், ஒமிப்ரசோல், ரபெப்ரசோல் எல்லாம் ஒரே குடும்பம். இரைப்பையில் அமிலம் சுரக்கும் செல்களின் பம்பை அடைத்துவிடுவது இவற்றின் வேலை. அமிலம் குறைந்ததைப் பார்த்த உடம்பு, ‘இன்னும் சுரக்கச் சொல்’ என்று காஸ்ட்ரின் என்ற ஹார்மோனைக் கூடுதலாக அனுப்புகிறது. மாதக்கணக்கில் இது நடந்தால் அமிலத்தைத் தூண்டும் செல்கள் எண்ணிக்கையில் பெருகிவிடும். மாத்திரை இருக்கும்வரை அது வெளியே தெரியாது. ஒருநாள் நிறுத்தியதும் அணை திறந்த மாதிரி முன்பைவிடக் கூடுதலாக அமிலம் வரும். டென்மார்க்கில் 2009-இல் ஓர் ஆய்வு வெளியானது. வயிற்றுத் தொல்லையே இல்லாத 120 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு எட்டு வாரம் இதே குடும்பத்து மாத்திரையும் மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். நிறுத்திய பிறகு, உண்மையான மாத்திரை சாப்பிட்டவர்களில் 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சல், புளியேப்பம் போன்ற அமிலத் தொல்லைகள் வந்தன. மற்றவர்களில் 15 சதவீதம். ஒரு நோயும் இல்லாதவர்களுக்கே எட்டு வாரத்தில் இந்தக் கதி என்றால், மூன்று வருடம் சாப்பிட்ட உங்களுக்கு நாலாம் நாள் எரிந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சீரகத் தண்ணீர் தோற்றுவிட்டது என்றும், நோய் முற்றிவிட்டது என்றும் நீங்கள் எடுத்துக்கொண்ட முடிவுகள் இரண்டுமே தவறு. இந்த எதிர்வீச்சு சில வாரங்களில் தானாக அடங்கும். சிலருக்கு இரண்டு மாதம்வரை இழுக்கலாம்.

சரி, எப்படி நிறுத்துவது? நான் செய்யும் முறை இது. 40-ஐ 20 ஆக்கி மூன்று, நான்கு வாரம். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு வாரம். பிறகு எரிந்தால் மட்டும். இடையில் எரிச்சல் வந்தால் ஜெலுசில் மாதிரியான அமிலமுறிவு மருந்து இரண்டு ஸ்பூன், அல்லது இரவில் அமிலத்தைக் குறைக்கும் வேறு வகை மாத்திரையான பாமோடிடின் ஒன்று. இப்படிப் படிப்படியாகக் குறைப்பது ஒரேயடியாக நிறுத்துவதைவிட நல்லது என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. அமெரிக்க இரைப்பை குடலியல் சங்கம் 2022-இல் கொடுத்த வழிகாட்டலில் இரண்டு முறையும் சரிதான் என்றே சொல்லியிருக்கிறது. என் அனுபவத்தில் மெதுவாகக் குறைத்தவர்கள் பயந்து பாதியில் திரும்புவதில்லை, அவ்வளவுதான். ஆனால் இதயத்துக்கு ஆஸ்பிரின், குளோபிடோகிரல் சாப்பிடுகிறவர்கள், மூட்டுவலிக்கு வலிமாத்திரை தொடர்ந்து எடுப்பவர்கள், முன்பு ஒருமுறை அல்சரிலிருந்து ரத்தம் கசிந்தவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாகவே மாத்திரையைக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. அவர்களுக்கு அது காவல்.

மைத்துனரின் பயத்தையும் பார்த்துவிடலாம். இந்த மாத்திரை கிட்னியைக் கெடுக்கும், எலும்பை உளுத்துப்போகச் செய்யும், மறதி நோய் தரும் என்று வந்த செய்திகள் பெரும்பாலும், சாப்பிடுகிறவர்களையும் சாப்பிடாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த கணக்குகள். ஏற்கெனவே பல நோய் உள்ளவர்கள்தான் இந்த மாத்திரையை அதிகம் சாப்பிடுகிறார்கள். அதனால் அந்தக் கணக்கை வைத்து மாத்திரையைக் குற்றவாளி ஆக்க முடியாது. 2019-இல் வெளியான ஒரு பெரிய சோதனையில், ஆஸ்பிரின் போன்ற மருந்து எடுக்கும் இதயநோயாளிகள் 17,598 பேருக்குக் குலுக்கல் முறையில் பான்டோபிரசோலோ வெறும் மாத்திரையோ கொடுத்து ஏறத்தாழ மூன்று வருடம் கவனித்தார்கள். தெளிவாகக் கூடியது குடல் தொற்று ஒன்றுதான்: 1.0 சதவீதத்திலிருந்து 1.4 சதவீதம். நாள்பட்ட சிறுநீரக நோயில் வித்தியாசமில்லை. மூன்று வருடக் கணக்கை வைத்து முப்பது வருடத்துக்கு உத்தரவாதம் தர முடியாது என்பது வேறு விஷயம். அபூர்வமாகச் சிலருக்கு ஒவ்வாமை போலச் சிறுநீரகம் வீங்குவதுண்டு, நீண்ட காலத்தில் பி12-உம் மக்னீசியமும் குறையலாம். மூன்று வருடம் ஆகிவிட்டதால் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), பி12 இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மைத்துனரும் நிம்மதியாகத் தூங்குவார்.

என்னை உண்மையில் கவலைப்படுத்துவது அந்த மாத்திரையின் இன்னொரு பாதி. டாம்பெரிடோன் வாந்தியை அடக்கும் மருந்து. இதயத் துடிப்பின் ஒழுங்கை அது சிலருக்குக் குலைக்கும் என்பதால் ஐரோப்பிய மருந்து முகமை 2014-இல் அதைக் குமட்டல், வாந்திக்கு மட்டும், வழக்கமாக ஒரு வாரத்துக்கு மேல் போகாமல் கொடுக்கச் சொன்னது. நம் ஊரில் பான்டோபிரசோலோடு 30 மில்லிகிராம் சேர்த்து ஒரே கேப்சூலாக வருகிறது, அதைப் பால் பாக்கெட் போல மாதாமாதம் வாங்கிப்போகிறார்கள். உங்களுக்கு வாந்தி என்று எங்குமே எழுதவில்லை. நாளைக்கே மாற்ற வேண்டியது இதைத்தான்: டாம்பெரிடோன் இல்லாத வெறும் பான்டோபிரசோலாக வாங்குங்கள். குறைப்பதெல்லாம் அப்புறம்.

‘கேஸ்ட்ரைட்டிஸ்’ என்ற சொல்லைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். எண்டோஸ்கோப்பிக் குழாயில் இரைப்பையின் கீழ்ப்பகுதி கொஞ்சம் சிவந்து தெரிந்தாலே எழுதிவிடுகிற சொல் அது. நம் ஊரில் வெள்ளையாக ஒன்றுமே எழுதாமல் வரும் ரிப்போர்ட்தான் அபூர்வம். அதை எடுத்துக்கொண்டு ‘எனக்கு அல்சர் இருக்கு’ என்று பத்து வருடம் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் ஏராளம். அல்சர் என்றால் புண். உங்கள் ரிப்போர்ட்டில் புண் இல்லை. அந்தச் சிவப்புக்கும் உங்கள் எரிச்சலுக்கும் சம்பந்தம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அப்போது ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமிக்குச் சோதனை செய்தார்களா என்பதை மட்டும் ரிப்போர்ட்டில் தேடிப் பாருங்கள். நம் நாட்டில் பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வயிற்றில் அது குடியிருக்கிறது, பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்வதில்லை. ஆனால் அல்சர் வருகிறவர்களுக்கு அதற்கு முக்கியக் காரணம் அதுவும் வலிமாத்திரையும்தான், காரமோ கவலையோ இல்லை. இதை ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் சொன்னபோது யாரும் நம்பவில்லை. மார்ஷல் 1984-இல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, வாந்தியெடுத்து, இரைப்பை அழற்சி வரவழைத்துக் காட்டினார். இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு. உங்களுக்கு இதில் நடைமுறை விஷயம் ஒன்று உண்டு: மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ செய்தால் கிருமி இருந்தாலும் ‘இல்லை’ என்று வரக்கூடும். குறைந்தது இரண்டு வாரம் மாத்திரையும், நான்கு வாரம் ஆன்டிபயாடிக்கும் இல்லாமல் இருந்துதான் கொடுக்க வேண்டும். இருந்தால் பதினாலு நாள் கூட்டு மருந்து. இதற்குச் சமையலறையில் மாற்று கிடையாது.

இனி இயற்கை வழி. இங்கே ‘கேஸ்’ என்ற சொல்தான் எல்லாரையும் குழப்புகிறது. நெஞ்சு எரிந்தாலும் கேஸ், வயிறு உப்பினாலும் கேஸ், முதுகு பிடித்தாலும் வாயு ஏறிவிட்டது. குடலில் இருக்கும் காற்று வாய் வழியாகவோ கீழ் வழியாகவோதான் வெளியே போகும்; முதுகுக்கோ தோளுக்கோ போகப் பாதை இல்லை. உங்களிடம் மூன்று தனித்தனித் தொல்லைகள் இருக்கின்றன. அமிலம் மேலே ஏறுவது, குடல் உப்புவது, மலம் தேங்குவது. மூன்றுக்கும் சேர்த்து ஒரே டம்ளரில் தீர்வு தேடியதால்தான் சீரகத்துக்குக் கெட்ட பெயர்.

அமிலம் மேலே ஏறுவதற்கு மருந்தில்லா வைத்தியங்களில் எனக்கு மிகவும் நம்பிக்கையுள்ளவை வாயில் போடுகிறவையே அல்ல. இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம். கட்டிலின் தலைமாட்டை ஆறு முதல் எட்டு அங்குலம் உயர்த்துவது. இடப்பக்கம் சாய்ந்து படுப்பது. அப்படிப் படுக்கும்போது இரைப்பை உணவுக்குழாய்க்குக் கீழே தொங்குகிறது, அமிலம் மேடேற வேண்டியிருக்கிறது. வயிற்றுச் சுற்றளவு கூடியிருந்தால் சில கிலோ குறைப்பது. நான்குக்கும் நல்ல சான்று உண்டு. தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைக்கச் சொன்னால் நோயாளிகள் என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். முந்நூறு ரூபாய் கட்டி வந்தவருக்குச் செங்கல்லா என்று. இரண்டு தலையணை போதாதா என்பார்கள். போதாது. தலையணை கழுத்தை மட்டும் மடக்கி வயிற்றை அழுத்தும். சிலருக்கு எரிச்சல் கூடவே செய்யும். நெஞ்சோடு சேர்ந்து உயர வேண்டும். தரையில் பாய் போட்டுப் படுக்கிறவராக இருந்தால், மெத்தைக் கடையில் சரிவாக வெட்டிய பஞ்சுத் திண்டு செய்து தருவார்கள்.

கடையை எட்டு மணிக்கு அடைக்க முடியாது என்று தெரியும். அதனால் நேரத்தை மாற்றாமல் சாப்பாட்டை மாற்றுங்கள். ஏழு, ஏழரைக்குக் கடையிலேயே முக்கியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து பசித்தால் இரண்டு இட்லி, ஒரு டம்ளர் மோர். பத்தரைக்குப் பரோட்டா, சால்னா சாப்பிட்டுவிட்டுப் பதினொன்றுக்குப் படுக்கிறவருக்கு எந்தக் கஷாயமும் வேலை செய்யாது, மாத்திரையே திணறும். காரம், காபி, புளி எல்லாவற்றையும் விடச் சொல்லும் பட்டியல்களை நான் கொடுப்பதில்லை. எது சேரவில்லை என்பது ஆளுக்கு ஆள் மாறும். இரண்டு வாரம் குறித்துவையுங்கள், உங்களுக்கு எரியவைப்பதை மட்டும் விடுங்கள். எண்ணெயில் பொரித்ததும் சிகரெட்டும் மதுவும் பெரும்பாலோருக்கு ஆகாது.

குளிர்ந்த பால் குடித்தால் எரிச்சல் அடங்குகிறதே என்பீர்கள். அடங்கும். முதல் அரைமணிக்கு. பிறகு பாலிலுள்ள புரதமும் கால்சியமும் அமிலத்தை மறுபடி சுரக்கச் செய்யும். 1915-இல் சிகாகோவில் சிப்பி என்ற மருத்துவர் அல்சருக்கு மணிக்கொரு தரம் பாலும் கிரீமும் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார், பல பத்தாண்டுகள் உலகமே அதைப் பின்பற்றியது, பிறகு கைவிட்டார்கள். எப்போதோ ஒருநாள் அரை டம்ளர் குடித்தால் குற்றமில்லை. தினசரி வைத்தியமாக வேண்டாம்.

உப்புசத்தில்தான் அஞ்சறைப் பெட்டிக்கு உண்மையான இடம். சீரகம், ஓமம், பெருங்காயம், சுக்கு, சோம்பு. ஓமத்தில் தைமால் என்ற எண்ணெய்ப்பொருள் இருக்கிறது, சோதனைச்சாலையில் குடல் தசையை அது தளர்த்துகிறது. இஞ்சிக்குக் கர்ப்பகாலக் குமட்டலில் நல்ல சான்று உண்டு, இரைப்பை சீக்கிரம் காலியாக உதவுகிறது என்றும் சின்ன ஆய்வுகள் சொல்கின்றன. சீரகத்துக்கும் சின்னச் சின்ன ஆய்வுகள்தான். ஆக, இவை வேலை செய்யும் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. சமையல் அளவில் கெடுதல் செய்யாது என்று சொல்ல முடியும். சாப்பிட்ட பிறகு வெதுவெதுப்பாக ஒரு டம்ளர் சீரகத் தண்ணீர் உங்களுக்கு இதமாக இருந்தால் தாராளமாகக் குடியுங்கள், அதற்கு என்னிடம் சீட்டு வாங்க வேண்டாம். நெஞ்செரிச்சல் உள்ளவர் வெறும் வயிற்றில் இஞ்சிச் சாறும் எலுமிச்சையும் தேனும் குடிப்பதைத்தான் தடுப்பேன். புதினா எண்ணெய் கேப்சூல் குடல் பிடிப்புக்கு நல்லது என்று ஆய்வுகள் உண்டு, ஆனால் அது உணவுக்குழாயின் கீழ் வாசலையும் தளர்த்திவிடும் என்பதால் உங்களுக்கு வேண்டாம். துவையலில் போடும் புதினா பற்றிச் சொல்லவில்லை.

மருந்து தேடுவதைவிட, உப்புசம் எங்கிருந்து வருகிறது என்று தேடினால் பலன் அதிகம். கொண்டைக்கடலை, மொச்சை, உளுந்து, துவரை எல்லாவற்றிலும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் இருக்கின்றன. அவற்றை உடைக்கும் நொதி மனிதக் குடலில் இல்லை. பெருங்குடல் பாக்டீரியாதான் உடைத்துக் காற்றாக்குகிறது. இரவு ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் கணிசமாகக் குறையும். சத்து போய்விடும் என்று ஊறிய தண்ணீரிலேயே குக்கர் வைக்கிறவர்கள் காற்றையும் சேர்த்தே சமைக்கிறார்கள். மாவு புளிக்கும்போது இந்தச் சர்க்கரைகள் கொஞ்சம் செலவாகிவிடும். வடை செய்யும் வேலையை இட்லி செய்யாததற்கு அதுவும் ஒரு காரணம். அடுத்து பால். நம் பக்கத்தில் பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் குறைந்துபோகிறது. ஒரு நாளைக்கு ஆறு காபி, டீ குடிக்கிற கடைக்காரருக்கு அதுவே அரை லிட்டர் பால். இரண்டு வாரம் பாலை நிறுத்தி மோருக்கு மாறிப் பாருங்கள், பாலே காரணம் என்றால் அதற்குள் தெரிந்துவிடும். வெங்காயம், பூண்டு, கோதுமையும் இதே வகையில் காற்று உண்டாக்குபவை. மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் இவற்றையெல்லாம் சேர்த்து ‘ஃபாட்மேப்’ என்று பெயரிட்டு, நாலைந்து வாரம் விலக்கி, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்கும் உணவுமுறையை வகுத்தார்கள். குடல் எரிச்சல் நோயில் அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் வெங்காயமும் பருப்பும் இல்லாமல் நம் வீட்டில் ஒரு வாரம் சமைத்துவிட்டு வந்து அதைப் பற்றிப் பேசுங்கள். மற்றதெல்லாம் தோற்ற பிறகு, உணவியல் நிபுணர் ஒருவரை வைத்துக்கொண்டு செய்ய வேண்டியது அது.

பழைய சோறு பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். வெந்த சோறு ஆறும்போது அதிலுள்ள மாவுச்சத்தில் ஒரு பகுதி, சிறுகுடலில் செரிக்காத வகையாக மாறுகிறது. பெருங்குடல் பாக்டீரியாவுக்கு அது உணவு. இந்த வகை மாவுச்சத்துக்கு மருத்துவப் பயன் உண்டு என்று காட்டியவர்கள் நம் வேலூர் சி.எம்.சி.க்காரர்கள். மக்காச்சோளத்திலிருந்து எடுத்த அத்தகைய மாவை உப்புசர்க்கரைக் கரைசலோடு காலரா நோயாளிகளுக்குக் கொடுத்து, வயிற்றுப்போக்கு குறைந்ததை 2000-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் என்ற மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். காலராவில் சோளமாவு உதவியது என்பதால் பழைய சோறு சர்வரோக நிவாரணி ஆகிவிடாது. உங்கள் எரிச்சலுக்கு அது ஆகும், குளிர்ச்சியாகவும் இருக்கும். உப்புசத்துக்கு அதுவே கொஞ்சம் காற்றைக் கூட்டவும் செய்யலாம். சின்ன வெங்காயத்தைக் குறைத்துக்கொண்டு சாப்பிட்டுப் பாருங்கள்.

கோலி சோடா குடித்தால் ஏப்பம் வருகிறது, கேஸ் இறங்குகிறது என்று நினைக்கிறோம். வெளியே வருவது பெரும்பாலும் சோடாவின் காற்றேதான்.

நீங்கள் கடைசியில் சொன்ன மலச்சிக்கலை நான் முதலில் வைப்பேன். உப்புசம் என்று வருகிறவர்களில் நிறையப் பேருக்குக் குடல் காலியாகாமல் இருப்பதுதான் பிரச்சினை. அதைச் சரி செய்தால் உப்புசத்துக்குத் தனி வைத்தியம் தேவைப்படுவதில்லை. இங்கே இயற்கை மருந்து ஒன்றுக்கு அலோபதிப் புத்தகமே முதலிடம் கொடுக்கிறது: இசப்கோல் உமி. குஜராத்தில் விளைகிறது. இரவில் ஒரு டீஸ்பூனில் தொடங்கி, வாரக்கணக்கில் இரண்டாக்கலாம். ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடித்துவிட்டு மேலே இன்னொரு டம்ளர். பொடியாக வாயில் போட்டு விழுங்கினால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். முதல் வாரம் காற்று கொஞ்சம் கூடும், பயந்து நிறுத்தாதீர்கள். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி இடைவெளி விடுங்கள். கூடவே கொய்யா, கீரை, தண்ணீர். வெஸ்டர்ன் கழிவறை என்றால் காலடியில் ஒரு சிறு முக்காலி. குந்தி உட்காரும் கோணம் கிடைக்கும்.

வேகமாக வேலை செய்யும் இன்னொன்று நிலவாகை, சில ஊர்களில் நிலாவரை. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் விளைந்து, ‘டின்னவெல்லி சென்னா’ என்ற பெயரில் உலகச் சந்தைக்கே போகிறது. மருந்துக்கடை சென்னா மாத்திரைக்குள் இருப்பதும் அதே இலையின் சாரம். தொடர்ந்து சாப்பிட்டால் குடல் சோம்பிவிடும் என்று எங்களுக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்குச் சான்று பலவீனம் என்று இப்போது தெரிகிறது. ஆனாலும் வயிற்றைப் பிசையும், அளவு கூடினால் பொட்டாசியம் இறங்கும். அதனால் அவ்வப்போது போதும். ‘பேதிப்பொடி’, ‘குடல் சுத்தி’ என்று விற்கும் பல பொடிகளில் மறைந்திருப்பது இதுதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை விளக்கெண்ணெய் குடித்துக் குடலைக் கழுவும் பழக்கத்துக்கு இன்று தேவையில்லை. வயிற்றுவலி இருக்கும்போது அதைக் குடிப்பது அபாயம். குடல்வால் வீங்கியிருந்தால் வெடித்துவிடக்கூடும்.

கற்றாழைச் சாற்றைப் பற்றி ஒரு வார்த்தை. தோலுக்கும் உள்ளே உள்ள சோற்றுக்கும் நடுவே மஞ்சளாக ஒரு பால் இருக்கிறது. அதுவும் கடும் பேதி மருந்து. ஏழு தண்ணீரில் கழுவச் சொன்ன பாட்டிகளுக்கு அது தெரிந்திருந்தது, மிக்சியில் தோலோடு அடித்துக் குடிக்கச் சொல்லும் வீடியோக்காரர்களுக்குத் தெரியவில்லை. அமெரிக்காவில் 2002-இல் அந்தப் பாலைக் கடையில் விற்கும் பேதி மருந்துகளிலிருந்து நீக்கிவிட்டார்கள். அதிமதுரம் வயிற்றுக்கு இதம்தான், ஆனால் வாரக்கணக்கில் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும், பி.பி. உள்ளவர் தொடவேண்டாம். குழம்பில் போடும் மஞ்சளில் பிரச்சினையில்லை, மிளகுச் சத்து சேர்த்துச் செறிவூட்டிய மஞ்சள் கேப்சூலால் கல்லீரல் வீங்கிய நோயாளிகளைப் பற்றிப் பல நாடுகளிலிருந்து அறிக்கைகள் வந்திருக்கின்றன. உலோகங்களையும் தாதுக்களையும் புடம் போட்டுச் செய்யும் பற்பம், செந்தூரம் எதையும் பெயர் ஒட்டாத பாட்டிலில் யார் தந்தாலும் வாங்காதீர்கள். 2004-இல் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்ததில் 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. சித்த வைத்தியம் செய்துகொள்வதென்றால் பட்டம் பெற்றவரிடம் போங்கள். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, பல அரசு மருத்துவமனைகளில் சித்தா பிரிவும் இருக்கிறது. நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரை அவரிடமும் சொல்லுங்கள்.

இதெல்லாம் உங்களுக்கு, அதாவது எடை குறையாத, ரத்தம் போகாத, எண்டோஸ்கோப்பியில் பெரிதாக ஒன்றும் இல்லாத 39 வயதுக்காரருக்கு. சாப்பாடு தொண்டையிலோ நெஞ்சிலோ சிக்கினால், காரணமில்லாமல் எடை இறங்கினால், மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனால், ரத்தசோகை என்று சொன்னால், கண் மஞ்சளானால், தொடர்ந்து வாந்தி வந்தால் சீரகமும் வேண்டாம், என் செங்கல்லும் வேண்டாம், நேரே மருத்துவரிடம் போங்கள். ஐம்பது வயதை நெருங்கியவருக்குப் புதிதாக இந்தத் தொல்லை தொடங்கினாலும் அப்படியே. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் மலம் கறுக்கும், அதை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. பயிற்சிக் காலத்தில் இரவுப் பணியில் ஒருவரைப் பார்த்தேன். கல்யாண விருந்து சாப்பிட்டுவிட்டு ‘கேஸ் அடைத்துக்கொண்டது’ என்று ஒரு சோடா, பிறகு ஈனோ, பிறகு வெந்நீரில் பெருங்காயம் என்று மூன்று மணி நேரம் வீட்டிலேயே இருந்துவிட்டு வந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. இ.சி.ஜி.யில் இதயத்தின் கீழ்ச்சுவர் அடைப்பு. இந்த வகை மாரடைப்பு மேல்வயிற்றில் எரிச்சலாகவும் குமட்டலாகவும்தான் பலருக்கு வரும். சர்க்கரை நோய் இருந்தால் வலியே தெரியாமலும் வரும். எரிச்சலோடு வியர்வை, மூச்சு வாங்குதல், தாடைக்கோ கைக்கோ பரவும் அழுத்தம், நடந்தால் கூடி நின்றால் குறையும் வலி, இதில் ஏதாவது இருந்தால் 108. ஏப்பம் வந்ததும் குறைந்தது என்பதை வைத்து இதயமில்லை என்று முடிவு கட்ட முடியாது.

வரிசையாகச் சொல்வதென்றால்: நாளை டாம்பெரிடோன் இல்லாத மாத்திரை, ரத்தப் பரிசோதனை இரண்டு. இந்த வாரமே செங்கல், ஏழு மணிச் சாப்பாடு, இசப்கோல். மூன்று வாரம் இவை பழக்கமான பிறகு 20 மில்லிகிராமுக்கு இறங்குங்கள். முழுக்க நிறுத்தி இரண்டு வாரம் ஆனதும் கிருமிச் சோதனைக்குக் கொடுங்கள். அந்த இரண்டு வாரமும் எரியத்தான் செய்யும், ஜெலுசில் பாட்டிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சீரகத் தண்ணீரை எப்போது வேண்டுமானாலும் குடிக்கலாம். எல்லாம் செய்து, நிறுத்தி ஆறேழு வாரம் கழித்தும் மாத்திரை இல்லாமல் இருக்க முடியவில்லை என்றால், உங்கள் உணவுக்குழாய் வாசல் உண்மையிலேயே தளர்ந்திருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு இருபது மில்லிகிராம் தொடர்வதில் எனக்குத் தயக்கம் இல்லை, பலருக்கு வருடக்கணக்கில் எழுதிக்கொடுக்கிறேன்.